தயிர் இல்லாத 'கேர்ட்': ஒரு சின்னப் போத்தலின் வரலாறு

'கேர்ட்' எண்டு சொன்னால் இலங்கையில எவருக்கும் உடன ஞாபகம் வாறது மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிரும், அதுக்கு மேல ஊத்துற கித்துள் பாணியும்தான். அதனால 'லெமன் கேர்ட்' என்ற பெயரைக் கேள்விப்படுகிற கனபேர், அது தயிருக்குள்ள தேசிக்காய் பிழிஞ்ச ஏதோ ஒரு சாமான் எண்டு நினைக்கினம். உண்மையில் அதில் தயிர் ஒரு துளியும் இல்லை. முட்டை, சீனி, பட்டர், எலுமிச்சைச் சாறு, எலுமிச்சைத் தோலின் துருவல். இவற்றை மெல்லிய சூட்டில் விடாமல் கிண்டினால் தேன் பதத்தில் ஒரு மஞ்சள் நிறக் களி வரும். பாணுக்குப் பூசலாம், கேக்குக்கு நடுவில் வைக்கலாம், கரண்டியால் அள்ளிச் சும்மாவும் சாப்பிடலாம்.

இப்ப யூடியூப்பில் தமிழில்கூட இதுக்குச் செய்முறை கிடைக்கிறது. 'வீட்டிலேயே பத்து நிமிடத்தில்' என்ற தலைப்போடு வரும். வீட்டில் செய்வது என்றாலே அது அப்பாவித்தனமான, அரசியல் கலக்காத வேலை என்று ஒரு எண்ணம் எங்களிடம் இருக்கிறது. வரலாறு படிக்கிற நாங்கள் அந்த எண்ணத்தைக் கொஞ்சம் கிண்டிப் பார்க்க விரும்புகிறோம். ஏனென்றால் இந்தப் பத்து நிமிட வேலைக்குள் ஒரு கடற்படை, ஒரு அடிமை வியாபாரம், சிசிலித் தீவின் தோட்டச் சுவர்கள், சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழர்கள் என்று எல்லாரும் இருக்கிறார்கள்.

பெயர் வந்த வழி

முதலில் அந்தக் குழப்பமான பெயர். பழைய ஆங்கிலச் சமையலில் 'சீஸ்கேக்' என்றால் திரைந்த பாலை மாப்பேழைக்குள் வைத்துச் சுட்டெடுக்கும் ஒரு பலகாரம். காலப்போக்கில் திரைந்த பால் போய், அந்த இடத்தில் முட்டையும் பட்டரும் சீனியும் எலுமிச்சையும் வந்தன. உள்ளடக்கம் மாறியது, பெயர் மாறவில்லை. ஹன்னா கிளாஸ் என்ற பெண் 1747இல் வெளியிட்ட சமையல் நூல் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மிகப் பிரபலமான சமையல் புத்தகம். அவர் சொல்லும் எலுமிச்சைச் சீஸ்கேக்கில் சீஸ் இல்லை. அவித்து இடித்த எலுமிச்சைத் தோல், சீனி, முட்டை மஞ்சட்கரு, பட்டர், அவ்வளவுதான். இன்று நாங்கள் லெமன் கேர்ட் என்று சொல்வதின் பாட்டி அது.

'லெமன் கேர்ட்' என்ற பெயரோ வேறு வழியால் வந்தது. 1844இல் லேடி சார்லட் பரியின் பெயரோடு வந்த சமையல் நூலில் அந்தப் பெயர் உண்மையான திரியலையே குறிக்கிறது. கிரீமுக்குள் எலுமிச்சை விட்டுத் திரைய வைத்து, துணியில் கட்டி நீரை வடித்து எடுப்பது. அதாவது எங்கட ஆக்கள் நினைப்பதற்குக் கிட்டத்தட்டப் பொருத்தமான சாமான்! பிறகு அந்தப் பெயர் முட்டைக் களியின் மேல் ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தின் வடபகுதிகளில் அதே களியை 'லெமன் சீஸ்' என்று சொல்லும் வழக்கமும் இருக்கிறது. தயிரும் இல்லை, சீஸும் இல்லை, இரண்டின் பெயரும் இருக்கிறது.

1861இல் திருமதி பீட்டனின் பெரிய வீட்டுப் பராமரிப்பு நூல் வெளிவந்தபோது செய்முறை ஏறக்குறைய இன்றைய வடிவத்துக்கு வந்துவிட்டது. கால் இறாத்தல் பட்டர், ஒரு இறாத்தல் சீனி, ஆறு முட்டை, இரண்டு எலுமிச்சையின் தோல், மூன்றின் சாறு. எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு, தடிக்கும் வரை கிண்டி, சின்னச் சாடிகளில் அடைத்து வை என்கிறார். மூன்று நான்கு மாதம் கெடாது என்றும் சொல்கிறார். (அதை மட்டும் நம்ப வேண்டாம். பிரிட்ஜில் இரண்டு கிழமைக்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது.) நூல் வெளிவந்தபோது இசபெல்லா பீட்டனுக்கு வயது 25. எங்களைவிட ரெண்டு மூன்று வயதுதான் கூட. முழு இங்கிலாந்துக்கும் குடும்பம் நடத்தச் சொல்லிக்கொடுத்த அந்தப் பெண் 28 வயதில் பிரசவத்தின் பின் இறந்துபோனார். அவருடைய செய்முறைகளில் பெரும்பகுதி முந்தைய நூல்களில் இருந்து எடுக்கப்பட்டவை என்பதும் இப்போது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

எலுமிச்சையா, தேசிக்காயா?

எங்கட கடைகளில் குவிச்சு வைச்சிருக்கிறது தேசிக்காய். சின்னது, தோல் மெல்லியது, புளிப்புக் கூட. ஆங்கிலத்தில் அது லைம். மஞ்சளாய், நீண்டு, தடித்த தோலோடு இறக்குமதியாகி வருவது லெமன். தமிழில் எழுதும்போது ரெண்டையும் 'எலுமிச்சை' என்று ஒரே பெயருக்குள் போட்டுவிடுகிறோம். தாவரவியலின்படி அவை வேறு வேறு. 2018இல் வெளியான மரபணு ஆய்வின்படி லெமன் என்பது புளிப்புத் தோடைக்கும், சிட்ரன் எனப்படும் தடித்த தோல் பழத்துக்கும் பிறந்த கலப்பு. எங்கட தேசிக்காய் சிட்ரனுக்கும், தென்கிழக்காசியாவின் காட்டுப் பழம் ஒன்றுக்கும் பிறந்த கலப்பு. ஒரு பெற்றோர் பொது, மற்றது வேறு. ஒன்றுவிட்ட சகோதரங்கள் மாதிரி.

இந்த வித்தியாசம் தெரியாமல் போனதால் மனிதர்கள் செத்திருக்கிறார்கள். ஹன்னா கிளாஸின் நூல் வந்த அதே 1747ஆம் ஆண்டு மே மாதம், 'சால்ஸ்பரி' என்ற போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற வைத்தியர், முரசு கரைந்து, உடல் சோர்ந்து கிடந்த 12 மாலுமிகளை ஆறு சோடியாகப் பிரித்தார். ஒரு சோடிக்கு வினாகிரி, ஒரு சோடிக்குக் கடல் நீர், இன்னொரு சோடிக்கு ஆப்பிள் மது என்று கொடுத்துப் பார்த்தார். தினம் இரண்டு தோடம்பழமும் ஒரு எலுமிச்சையும் கிடைத்த சோடி ஆறே நாளில் தேறியது. ஸ்கர்வி என்ற அந்த நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் அரச கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795இல்தான். இடையில் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு. அதற்கு லிண்டும் ஒரு காரணம். சாற்றை நெடுநேரம் சூடாக்கி வற்றவைத்துச் சேமிக்கும்படி அவர் பரிந்துரைத்தார். சூட்டில் விற்றமின் சி அழிந்துபோகும் என்பது அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது. விற்றமின் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை.

1860களில் கடற்படை இன்னொரு மாற்றம் செய்தது. மத்தியதரைக்கடல் எலுமிச்சைக்குப் பதிலாக, பிரித்தானியாவின் சொந்தக் குடியேற்றமான மேற்கிந்தியத் தீவுகளின் லைம் சாற்றை வாங்கத் தொடங்கியது. சொந்தத் தோட்டத்துச் சாமான், ரெண்டும் புளிப்பு, பிறகென்ன? 1875இல் ஜோர்ஜ் நேர்ஸ் தலைமையில் வடதுருவத்தை நோக்கிப் போன பயணத்தில் லைம் சாறு கையில் இருக்கவே ஸ்கர்வி தாக்கியது. லைமில் விற்றமின் சி எலுமிச்சையைவிட மிகக் குறைவு என்பதை முதலாம் உலகப்போர்க் காலத்தில் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஹரியட் சிக்கும் அவருடைய சக பெண் ஆய்வாளர்களும் பரிசோதித்துக் காட்டினார்கள். பழத்தைத் தேர்ந்தெடுத்தது பேரரசின் வசதி. விலை கொடுத்தது மாலுமியின் முரசு.

எலுமிச்சை இலாபம் தரத் தொடங்கியதும் அது விளையும் இடத்திலும் விஷயம் மாறியது. 19ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவு உலகச் சந்தைக்குப் பெருமளவு எலுமிச்சை அனுப்பியது. எலுமிச்சைத் தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டும், சுற்றுமதில் வேண்டும், காய்ப்பதற்குப் பல வருடம் காத்திருக்க வேண்டும். ஒரு இரவில் களவு போனால் போட்ட முதல் எல்லாம் போச்சு. அரசின் காவலோ பலவீனம். அந்த இடைவெளியில் 'காவல்' செய்கிறோம் என்று பணம் வாங்கியவர்கள் வளர்ந்தார்கள். 1880களில் நடந்த இத்தாலியப் பாராளுமன்ற விசாரணையின் தரவுகளை வைத்து டிமிக்கோ, இசோப்பி, ஒல்சன் என்ற மூன்று பொருளியலாளர்கள் 2017இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். எலுமிச்சை, தோடை விளைந்த ஊர்களில்தான் மாஃபியாவும் கூடுதலாகக் காலூன்றியிருந்தது என்பது அவர்களின் முடிவு.

சீனி யாருடையது?

இனி விஷயத்தின் கனமான பகுதிக்கு வருவோம். பீட்டனின் அளவைத் திரும்பப் பாருங்கள். கால் இறாத்தல் பட்டருக்கு ஒரு இறாத்தல் சீனி. லெமன் கேர்ட் என்பது எலுமிச்சை மணம் ஏற்றிய சீனிதான். அவ்வளவு சீனியை ஒரு நடுத்தரக் குடும்பம் ஒரு பலகாரத்துக்குள் கொட்டுவதற்கு முதல் உலகத்தில் என்னவெல்லாமோ நடந்திருக்க வேண்டும்.

மானுடவியலாளர் சிட்னி மின்ட்ஸ் 1985இல் எழுதிய சீனி பற்றிய நூலில் தரும் கணக்கு இது: 1700 அளவில் பிரித்தானியாவில் ஒரு ஆளுக்கு வருடம் ஏறத்தாழ 4 இறாத்தல் சீனி. 1800இல் 18 இறாத்தல். 1901இல் 90 இறாத்தல். முதல் நூற்றாண்டின் அந்த ஏற்றம் பார்படோஸ், ஜமெய்க்கா போன்ற தீவுகளில் ஆபிரிக்காவில் இருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பு. ஹன்னா கிளாஸ் 'சீனிக் கட்டியில் கால் இறாத்தல்' என்று எழுதும்போது அந்தக் கட்டி எங்கிருந்து வந்தது என்று எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் அவருடைய வாசகிக்கு இருக்கவில்லை.

ஆனால் எல்லாச் சமையலறையும் பேசாமல் இருக்கவில்லை. 1791இல் அடிமை வியாபார ஒழிப்பு மசோதா பிரித்தானியப் பாராளுமன்றத்தில் தோற்றபோது, வில்லியம் ஃபொக்ஸ் என்பவர் ஒரு சிறுநூல் எழுதினார். அடிமைகள் விளைவித்த சீனியை வாங்குபவனும் அந்தக் குற்றத்தில் பங்காளி என்பது அதன் வாதம். அது பெருந்தொகையாக அச்சாகி ஊர் ஊராகப் போனது. பல்லாயிரம் குடும்பங்கள் மேற்கிந்தியச் சீனியை நிறுத்தின. 1820களில் லெஸ்டர் நகரில் எலிசபெத் ஹெய்ரிக் வீடு வீடாகப் போய்ச் சீனிப் பகிஷ்கரிப்புக்கு ஆள் சேர்த்தார். 'படிப்படியாக அல்ல, உடனே விடுதலை' என்று 1824இல் அவர் எழுதியது, ஆண் தலைவர்களின் நிதானத்துக்கு எதிரான குரல். வாக்குரிமை இல்லாத பெண்களுக்கு அப்போது கையில் இருந்த ஒரே அதிகாரம், சீனிக் கிண்ணத்துக்குள் எந்தச் சீனி போகும் என்பதைத் தீர்மானிப்பதுதான். அந்த அதிகாரத்தை அவர்கள் பயன்படுத்தினார்கள். சமையலறை அரசியலுக்கு வெளியே இருக்கிறது என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எங்களுக்குத் தெரியாது.

அந்தக் காலத்தில் விற்ற சில சீனிக் கிண்ணங்களில் 'கிழக்கிந்தியச் சீனி, அடிமைகளால் செய்யப்படாதது' என்ற கருத்தில் வாசகம் பொறித்திருந்தார்கள். இந்தியா என்றால் சுத்தமான சீனி என்பது நம்பிக்கை. இங்கேதான் எங்கட கதை உள்ளே வருகிறது.

1834இல் அடிமை முறை சட்டப்படி முடிந்தது. நட்டஈடாக 2 கோடி பவுண் கொடுக்கப்பட்டது. அடிமைகளுக்கு இல்லை, அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு! தோட்டங்களுக்கோ கை வேண்டும். அந்தக் கைகளை இந்தியாவில் தேடினார்கள். ஒப்பந்தக் கூலிகள் 1834இல் இருந்து மொரீசியசுக்கும், 1838இல் இருந்து பிரித்தானியக் கயானாவுக்கும் போனார்கள். 1860 நவம்பர் 16ஆம் திகதி சென்னையில் இருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாபிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் கப்பல் அது. அதில் வந்தவர்களில் தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் இருந்தார்கள். அதற்கு அடுத்த வருடம் லண்டனில் திருமதி பீட்டனின் நூல் வெளிவந்தது. பிறகு பீஜித் தீவு. அங்கே கரும்புக் காட்டில் வாடிய பெண்களுக்காகப் பாரதியார் பாடியது எங்களில் பலருக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். ஆனால் அந்தப் பாட்டையும் வெள்ளைக்காரரின் பலகாரப் புத்தகத்தையும் ஒரே மேசையில் வைத்து வாசிக்க எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இந்த ஒப்பந்த ஏற்றுமதி 1917இல்தான் நிறுத்தப்பட்டது.

1874இல் பிரித்தானியா சீனி மீதான இறக்குமதி வரியை முற்றாக நீக்கியது. சீனி மலிந்தது. ஜாம் தொழிற்சாலைகள் பெருகின. பாணும் ஜாமும் தேத்தண்ணியும் தொழிலாளி வீட்டின் சாப்பாடாகின. வசதியான வீடுகளில் பின்னேரத் தேநீரோடு ஸ்கோனும் லெமன் கேர்ட்டும் வந்தன. அந்தத் தேயிலை எந்த மலையில் பறிக்கப்பட்டது என்று மலையகத்தில் பிறந்த எங்கட நண்பர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு மேசை, ஒரு கோப்பை, ஒரு சின்னப் போத்தல். கோப்பையில் கண்டிச் சீமைக்குப் போன தமிழர். போத்தலில் கரும்புத் தீவுகளுக்குப் போன தமிழர்.

போரும் தொழிற்சாலையும்

இரண்டாம் உலகப்போரில் அந்தப் போத்தல் காலியானது. 1940 ஜனவரியில் பிரித்தானியாவில் பட்டருக்கும் சீனிக்கும் பங்கீடு வந்தது. முட்டையும் கட்டுப்பாட்டுக்குள் போய், பிறகு தூள் முட்டை வந்தது. மத்தியதரைக்கடல் போர்க்களமானதும் எலுமிச்சை மாயமானது. நான்கு பொருளும் ஒரே நேரத்தில் இல்லாமல்போன பலகாரம் இது. சீனிப் பங்கீடு முடிந்தது 1953இல். 2022இல் எரிவாயு வரிசையிலும் பால்மா வரிசையிலும் நின்ற எங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரு நாட்டின் நெருக்கடி முதலில் எழுதப்படுவது வீட்டுச் சமையற்கட்டில்தான்.

போத்தலில் அடைத்து விற்கும் கேர்ட்டில் இன்று பெரும்பாலும் சோளமா, தடிப்பாக்கிகள், நிறம், கொஞ்ச முட்டை. அதனால்தான் வீட்டில் செய்வது இன்னும் உயிரோடு இருக்கிறது.

எங்கட அடுப்பில் செய்வதென்றால்

தேசிக்காயில் தாராளமாகச் செய்யலாம். இரண்டு முழு முட்டை, இரண்டு மஞ்சட்கரு, 150 கிராம் சீனி, 75 கிராம் பட்டர், 80 மில்லிலீற்றர் தேசிச்சாறு, ரெண்டு மூன்று காயின் பச்சைத் தோல் துருவல். தோலுக்குக் கீழே இருக்கிற வெள்ளையைத் துருவினால் கசக்கும். அலுமினியச் சட்டி வேண்டாம். புளி அதோடு தாக்கமடைந்து உலோகச் சுவை வரும். கண்ணாடி அல்லது எவர்சில்வர் கிண்ணத்தில் முட்டை, சீனி, சாறு, துருவலை முதலில் நன்றாக அடித்துக் கலந்து, கொதிக்கிற தண்ணிச் சட்டிக்கு மேலே தண்ணி தொடாமல் வையுங்கள். கை ஓயாமல் கிண்ட வேணும். அடுப்பில் நேரே வைத்தால் முட்டைப் பொரியல்தான் கிடைக்கும். முட்டைப் புரதம் சூட்டில் மெதுவாக ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால்தான் களி தடிக்கிறது. சீனி அந்தப் பின்னலைத் தாமதப்படுத்தி எங்களுக்குக் கொஞ்ச நேரம் தருகிறது. அகப்பையின் முதுகில் படிந்ததை விரலால் கோடு கீறினால் கோடு அப்படியே நிற்க வேண்டும். அதுதான் பதம். இறக்கி, பட்டரைத் துண்டு துண்டாகச் சேர்த்துக் கரைத்து, வடிகட்டி, கொதிநீரில் கழுவிக் காயவைத்த போத்தலில் ஊற்றுங்கள். ஆறினதும் இன்னும் தடிக்கும்.

சீனிப் பக்கெற்றையும் ஒருக்கால் திருப்பிப் பாருங்கள். இலங்கை பாவிக்கும் சீனியில் மிகப் பெரும்பகுதி இறக்குமதி. பெல்வத்தையும் செவனகலையும் உற்பத்தி செய்வது சிறு பங்கு. கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலை பல பத்தாண்டுகளாக மூடிக் கிடக்கிறது. கரும்பை யார் வெட்டினார்கள் என்ற 1791இன் கேள்வியை இன்றைக்கும் கேட்கலாம்.

செய்முறை என்பது விசித்திரமான ஒரு ஆவணம். 'ஒரு இறாத்தல் சீனி எடு' என்று அது தொடங்கும் இடத்தில், வேறு யாரோ ஒருவரின் வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். 1861இல் லண்டன் வீடொன்றில் லெமன் கேர்ட்டுக்கு எத்தனை முட்டை உடைத்தார்கள் என்று இன்றைக்கு எங்களால் சரியாகச் சொல்ல முடிகிறது. ஆறு. நேட்டாலுக்குப் போன கப்பல்களின் பதிவேடுகளும் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒவ்வொருவருக்கும் ஒரு இலக்கம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, வயது, ஊர், சாதி இருக்கிறது. கரும்பு வெட்டிவிட்டு வந்து அந்தப் பெண்கள் இரவில் என்ன சமைத்தார்கள் என்பதற்கு அந்தப் பதிவேட்டில் ஒரு நிரல் இல்லை.